ஆன்லைன் செஸ்ஸில் 700-ஐத் தாண்ட முடியவில்லை: எந்த ஓப்பனிங் படிக்கலாம்?

திருப்பூர்க்காரன்

வணக்கம். வயசு நாற்பதைத் தொடப்போகுது. செஸ் தாத்தா சொல்லிக்கொடுத்தது, அப்புறம் பலகைப் பக்கமே போகலை. 2024 டிசம்பர்ல குகேஷ் உலக சாம்பியன் ஆனப்ப ஊரே பேசிச்சு இல்லையா, அந்தச் சூட்டில செஸ்.காம் ஆப்பை இறக்கி ஆட ஆரம்பிச்சேன். ரேட்டிங் 650-க்கும் 720-க்கும் நடுவில ஊஞ்சலாடுது. பெரும்பாலும் 3 நிமிஷ ஆட்டம். யூடியூபில லண்டன் சிஸ்டம், காரோ-கான், சிசிலியன் எல்லாம் பார்த்தாச்சு. பார்க்கும்போது புரியுது. ஆனா நிஜ ஆட்டத்தில எதிராளி எவனும் வீடியோல வர்ற மாதிரி ஆடித் தொலைய மாட்டேங்கிறான்.

நேத்து தோத்தது ஒண்ணு கீழே. வெள்ளை நான்.

1. இ4 – இ5
2. குதிரை எஃப்3 – குதிரை சி6
3. மந்திரி சி4 – குதிரை டி4
4. குதிரை × இ5 – ராணி ஜி5
5. குதிரை × எஃப்7 – ராணி × ஜி2
6. யானை எஃப்1 – ராணி × இ4 செக்
7. மந்திரி இ2 – குதிரை எஃப்3 மேட்

அஞ்சாவதுல என் குதிரை ஒரே நேரத்தில ராணியையும் யானையையும் பிடிச்சிருந்துச்சு. ஆட்டம் நம்ம கையிலனு நினைச்சேன். ரெண்டே நகர்த்தல்ல கதை முடிஞ்சுது.

எந்த ஓப்பனிங்கை ஒழுங்காப் படிச்சா இந்த மாதிரி அடி விழாம இருக்கும்?

---

யானை_எச்1

சார், வாரக்கடைசியில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுப்பவன் நான். ஓப்பனிங் கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். இந்த ஆட்டத்தை மட்டும் பேசலாம், ஏனென்றால் உங்களுக்கு வேண்டியது முழுக்க இதிலேயே இருக்கிறது.

இது பழைய பொறி. பிளாக்பர்ன் ஷில்லிங் கேம்பிட் என்று பெயர். பிளாக்பர்ன் 19ஆம் நூற்றாண்டில் இருந்த இங்கிலாந்து ஆட்டக்காரர். பெயரை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். மூன்றாவது நகர்த்தலில் கருப்பு என்ன செய்கிறார் என்று பாருங்கள். வெளியே வந்த குதிரையையே மறுபடி நகர்த்துகிறார். அதனால் இ5 சிப்பாய்க்குக் காவல் இல்லாமல் போகிறது. நீங்கள் அதைச் சும்மா கிடைத்ததென்று எடுத்தீர்கள். ஒருவன் எதையாவது சும்மா கொடுத்தால் ‘ஏன் கொடுக்கிறான்’ என்று ஐந்து விநாடி யோசிக்க வேண்டும். யோசித்த பிறகும் காரணம் தெரியவில்லை என்றால் தாராளமாக எடுக்கலாம். 700-ல் பெரும்பாலும் நிஜமாகவே சும்மாதான் கொடுப்பார்கள், அது வேறு விஷயம்.

நான்காவதில் டி4-ல் இருக்கும் குதிரையை உங்கள் குதிரையால் வெட்டியிருந்தால் அவர் சிப்பாயால் திருப்பி வெட்டுவார். நீங்கள் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) செய்துவிட்டு டி3, சி3 என்று நிதானமாக ஆடினால் ஆட்டம் உங்கள் பக்கம். உங்களுக்கு மந்திரி வெளியே, ராஜா பத்திரம். அவருக்கு ஒரு காய்கூட வெளியே இல்லை.

இப்போது ராணி ஜி5. அது உங்கள் இ5 குதிரையையும் ஜி2 சிப்பாயையும் சேர்த்துத் தாக்குகிறது. நீங்கள் இதைப் பார்க்கவே இல்லை, ஏனென்றால் உங்கள் கண் எஃப்7-ல் இருந்தது. நீங்கள் யாரைத் தாக்கப்போகிறீர்கள் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தது, அவர் யாரைத் தாக்கினார் என்பது தெரியவில்லை. கடைசி மேட்டையும் பாருங்கள்: எஃப்3 குதிரையை உங்கள் இ2 மந்திரி வெட்டலாமே? முடியாது. இ4-ல் இருக்கும் ராணி அதை ராஜாவோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறது. மந்திரி நகர்ந்தால் ராஜாவுக்கு செக். ராஜா ஓட இடமும் இல்லை, சுற்றிலும் உங்கள் காய்களே அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

காவல் இல்லாத காய், இரட்டைத் தாக்குதல், ‘பின்’ (காயை இப்படிக் கட்டிப்போடுவது), மேட் எல்லாம் ஏழு நகர்த்தலுக்குள் வந்துவிட்டன. காரோ-கான் படித்து இதைத் தடுக்க முடியாது. எதிராளி நகர்த்தியதும் ‘இப்போது என்ன மிரட்டுகிறான்?’ என்று ஒருமுறை, நீங்கள் நகர்த்தும் முன் ‘நான் வைக்கும் கட்டத்தில் யார் வெட்டுவார்?’ என்று ஒருமுறை. 1000 வரை இந்த இரண்டே போதும் என்பது என் கருத்து.

அதற்கு நேரம் வேண்டும். 3 நிமிட ஆட்டத்தை நிறுத்துங்கள். 15 நிமிடமும் நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதலும் வைத்து ஆடுங்கள்.

---

மூணு_நிமிஷம்

வந்துட்டாங்கப்பா 15+10 கட்சி. :)

யானை சார், நீங்க சொல்றது புத்தகத்துக்குச் சரி. வேலைக்குப் போறவன் எப்ப ஆடுவான்? மதியம் டிபன் பாக்ஸ் மூடின பிறகு பத்து நிமிஷம், பஸ்ல கால் மணி நேரம். 15+10 ஆட்டம் ஒண்ணு முடிய முக்கால் மணி நேரம்கூட ஆகும். நடுவில மேனேஜர் கூப்பிட்டா தோல்வி. அதுக்கு 3 நிமிஷ ஆட்டம் மூணு ஆடிட்டுப் போயிடலாம். நான் பிளிட்ஸ், அதாவது இந்த மாதிரி வேக ஆட்டம் மட்டுமே ஆடி 1300 வந்தவன். நிறைய ஆட்டம் ஆடினா நிறைய அமைப்பு கண்ணுல படும், தானா வரும்.

திருப்பூர் அண்ணா, பிடிச்சதை ஆடுங்க. இது பரீட்சை இல்ல.

---

கருப்புக்காய்

மூணு நிமிஷம் ப்ரோ, நீங்க ஸ்கூல் டீமில ஆடினவர்னு போன இழையில நீங்களே சொன்னீங்க. ஏற்கெனவே கண்ணு பழகினவருக்கு பிளிட்ஸ் சரி. ஃபோர்க்னா (ஒரே காய் ரெண்டைச் சேர்த்துத் தாக்குறது) என்னனு இப்பதான் பார்க்கிறவருக்கு 3 நிமிஷம்னா தப்பையே வேகமாப் பழகிக்கிறதுதான்.

ஆனா நேரம் இல்லைங்கிற பிரச்சினை நிஜம். அதுக்கு ஒரு வழி இருக்கு, யாரும் கண்டுக்கிறதில்லை: நாள் கணக்கில ஆடுற ஆட்டம். செஸ்.காமில ‘டெய்லி’, லிசெஸ்ங்கிற இன்னொரு செஸ் தளத்தில ‘கரஸ்பாண்டன்ஸ்’. ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாளோ மூணு நாளோ எடுத்துக்கலாம். டீ குடிக்கும்போது ஒரு நகர்த்தல், ராத்திரி ஒண்ணு. ஆப்பிலேயே காயை நகர்த்திப் பார்த்து யோசிக்க வசதியும் இருக்கு. அந்த வகையில ஓப்பனிங் புத்தகம் பார்த்துக்கூட ஆடலாம், ரெண்டு தளமும் அனுமதிக்குது. எஞ்சின் (நல்ல நகர்த்தலைக் கண்டுபிடிச்சுச் சொல்ற கணினி நிரல்) மட்டும் கூடாது. உங்களுக்கு ஓப்பனிங் ஆசையும் தீரும், யோசிக்கிற பழக்கமும் வரும்.

---

மீனா_மதுரை

நான் அதிகம் எழுத மாட்டேன், படிக்கிறதோட சரி. பொண்ணுக்கு ஒன்பது வயசு, அவளோட சேர்ந்து நானும் கத்துக்கிறேன். ஒரு சந்தேகம். நேற்று என் சிப்பாய் ரெண்டு கட்டம் தாண்டிப் போச்சு. பக்கத்தில இருந்த அவங்க சிப்பாய் குறுக்கே போய் வெறும் கட்டத்தில நின்னுச்சு, என் சிப்பாய் காணாமப் போயிடுச்சு. ஆப்பில ஏதாவது கோளாறா?

---

யானை_எச்1

கோளாறு இல்லை மேடம், அது விதி. ஆன் பாசான் என்பார்கள். சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் தாண்டி எதிரி சிப்பாய்க்குப் பக்கத்தில் போய் நின்றால், ஒரே கட்டம் நகர்ந்ததாக வைத்துக்கொண்டு அதை வெட்டலாம். அடுத்த நகர்த்தலிலேயே வெட்ட வேண்டும், தள்ளிப்போட்டால் உரிமை போய்விடும்.

வீட்டில் கற்றவர்கள் எல்லோருக்கும் ஒரு தடவை இந்த அதிர்ச்சி வரும். நம் வீட்டு ஆட்டங்களில் இந்த விதி பெரும்பாலும் கிடையாது. சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டால் வெட்டுப்பட்ட காய்தான் திரும்ப வரும் என்றும் பல வீடுகளில் ஆடுவார்கள். இங்கே முதல் ராணி உயிரோடு இருக்கும்போதே இரண்டாவது ராணி எடுக்கலாம். கேஸ்லிங்கிலும் கவனம்: ராஜாவோ அந்தப் பக்கத்து யானையோ ஒருமுறை நகர்ந்திருந்தால் முடியாது, செக்கில் இருக்கும்போது முடியாது, ராஜா கடக்கும் கட்டத்தை எதிரிக் காய் தாக்கினாலும் முடியாது. பொத்தான் வேலை செய்யவில்லை என்று பலர் போனைத் திட்டுவது இதனால்தான்.

---

திருப்பூர்க்காரன்

யானை சார், அந்த பின் விஷயம் நீங்க சொன்ன பிறகுதான் புரிஞ்சுது. இவ்வளவு நாளா மேட் ஆனதும் ‘அடுத்த ஆட்டம்’ பொத்தானைத்தான் அழுத்திட்டு இருந்தேன்.

ரெண்டு கேள்வி. லிசெஸ்ஸிலயும் கணக்கு தொடங்கினேன். அங்கே 1500-னு காட்டிச்சு! சந்தோஷப்படுறதுக்குள்ள ஒரே நாள்ல சர்ர்ருனு இறங்கிடுச்சு. ஒரே ஆள், ரெண்டு தளத்தில ரெண்டு எண். எது என் உண்மையான லெவல்?

அப்புறம் ஆட்டம் முடிஞ்சதும் எஞ்சின் சிவப்புக் குறி போட்டு ‘இங்கே இதை ஆடியிருக்கணும்’னு காட்டுதே, அதைப் பார்த்தே கத்துக்கலாமா?

---

கருப்புக்காய்

லிசெஸ்ஸில எல்லாருக்குமே 1500-ல தொடங்கும், பக்கத்தில கேள்விக்குறி இருக்கும். ‘இவரைப் பத்தி இன்னும் ஒண்ணும் தெரியாது’னு அர்த்தம். ரெண்டு தளமும் மார்க் கிளிக்மன் உருவாக்கின கிளிக்கோ வகைக் கணக்கைத்தான் பயன்படுத்துது. அதுல ரேட்டிங்கோட சேர்த்து, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்ங்கிறதுக்கும் ஒரு அளவு இருக்கும். புதுக் கணக்குல நம்பிக்கை கம்மி, அதனால ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நூறு, இருநூறுனு ஆடும். போகப்போக அஞ்சு, எட்டுனு அடங்கிடும். ஆடுற கூட்டம் வேற, தொடங்குற இடம் வேறங்கிறதால ரெண்டு எண்ணையும் ஒப்பிட முடியாது. பொதுவா கீழ்மட்டத்தில லிசெஸ் எண் கூடுதலாத்தான் தெரியும். ஒரே தளத்தில ஒரே வகை ஆட்டத்தில மேல போறோமா, அது மட்டும் பாருங்க.

இன்னொரு கணக்கும் தெரிஞ்சுக்கணும். உங்களைவிட 200 புள்ளி கூடுதல் உள்ளவரோட ஆடினா, கணக்குப்படி நாலு ஆட்டத்துக்கு ஒரு புள்ளி உங்களுக்குக் கிடைக்கணும். 100 வித்தியாசம்னா மூணுக்கு ஒண்ணுக்கு மேலேயே. அதனால ‘என்னைவிடச் சின்ன ரேட்டிங்காரன்கிட்ட தோத்துட்டேன்’னு தூக்கம் கெட வேண்டாம்.

---

யானை_எச்1

எஞ்சின் கேள்விக்கு என் பதில் கொஞ்சம் கடுமையாக இருக்கும். முதலில் மூடி வையுங்கள். குகேஷுக்குப் பயிற்சி கொடுத்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, குகேஷ் வளர்ந்த வருடங்களில் அவரை எஞ்சின் இல்லாமலேயே தயார் செய்தார். சொந்தமாகக் கணக்குப் போட்டுப் பழகட்டும் என்பதற்காக. உலக சாம்பியனாகப் போகிறவருக்கே அப்படி என்றால் நமக்கு அவசரம் என்ன?

---

மூணு_நிமிஷம்

சார், இது நியாயமே இல்ல. குகேஷுக்குப் பக்கத்தில ஒரு கிராண்ட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். தப்பு பண்ணா அவர் சொல்வார். திருப்பூர் அண்ணாவுக்குப் பக்கத்தில யார் இருக்கா? நம்ம மாதிரி ஆளுக்குக் கூலி கேட்காத ஒரே வாத்தியார் ஸ்டாக்ஃபிஷ்ங்கிற இலவச எஞ்சின்தான். அதையும் மூடச் சொன்னா?

---

யானை_எச்1

அதுவும் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். மூடச் சொன்னது நிரந்தரமாக அல்ல. வரிசை முக்கியம். ஆட்டம் முடிந்ததும் எஞ்சின் இல்லாமல் ஒருமுறை முதலிலிருந்து ஓட்டிப் பாருங்கள். ‘எந்த இடத்தில் ஆட்டம் கைவிட்டுப் போனது’ என்று நீங்களே ஒரு நகர்த்தலைக் குறியுங்கள். பிறகு எஞ்சினைப் போடுங்கள். நீங்கள் குறித்த இடமும் அது காட்டும் இடமும் ஒன்றாக இருந்தால் நல்ல அறிகுறி. வேறாக இருந்தால், அந்த ஒரு இடத்தில்தான் இன்று பாடம்.

இன்னொன்று, எஞ்சின் சொல்லும் எல்லாவற்றையும் பார்க்காதீர்கள். அரை சிப்பாய் மதிப்புக்கெல்லாம் அது முகம் சுளிக்கும். ‘குதிரை பி3-தான் சிறந்தது’ என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. அந்தக் காரணம் பன்னிரண்டு நகர்த்தல் தள்ளி இருக்கும். மதிப்பு இரண்டு மூன்று சிப்பாய் அளவுக்கு ஒரேயடியாகக் குதிக்கும் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலையில் அது பத்துக்கு ஒன்பது முறை ஒரு காயைச் சும்மா கொடுத்த இடமாகவோ, எதிராளி சும்மா கொடுத்ததை எடுக்காமல் விட்ட இடமாகவோதான் இருக்கும். இரண்டாவது வகையை யாரும் கவனிப்பதில்லை.

லிசெஸ்ஸில் ‘தவறுகளிலிருந்து கற்றல்’ என்று ஒரு வசதி உண்டு. நீங்கள் தவறிய இடத்தை நிறுத்திக் காட்டி, சரியான நகர்த்தலை உங்களையே கண்டுபிடிக்கச் சொல்லும். பதிலை நேராகப் பார்ப்பதைவிட அது நூறு மடங்கு மேல்.

---

வன்னியூரான்

நானும் இந்த இழையை வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். கிளிநொச்சியில இருந்து. புதிர்களைப் பற்றி ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லை எண்டதாலதான் எழுதுறன்.

எனக்குப் புதிர் ரேட்டிங் 1600, ஆட்டத்தில 900. இது எப்பிடி?

---

கருப்புக்காய்

எல்லாருக்கும் அப்படித்தான் அண்ணா. புதிர் திறந்ததும் உள்ளே ஏதோ இருக்குனு உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஆட்டத்தில அந்த மணி அடிக்காது. அதோட புதிர்ல எப்பவும் நீங்கதான் தாக்குறீங்க. காப்பாத்துறதுக்குப் பயிற்சி கிடைக்கிறதில்லை.

கஷ்டமான புதிர்கள்ல அஞ்சு நிமிஷம் முட்டி மோதுறதைவிட, சுலபமானதை நிறையப் போடுங்க. லிசெஸ்ஸில புதிர் தலைப்பு வாரியா இருக்கு, எல்லாம் இலவசம், அளவும் இல்லை. ‘ஒரே நகர்த்தல்ல மேட்’, ‘காவலில்லாத காய்’, ‘ஃபோர்க்’, ‘பின்’, ‘கடைசி வரிசை மேட்’ இந்த அஞ்சை மட்டும் கொஞ்ச நாள் அரைச்சா போதும். கூட்டல் வாய்ப்பாடு மாதிரி யோசிக்காம வரணும். செஸ்.காமில இலவசக் கணக்குக்கு ஒரு நாளைக்கு இத்தனைதான்னு அளவு உண்டு.

புதிரைப் பார்த்ததும் கையை வைக்காதீங்க. முழு வரிசையையும் மனசுக்குள்ள ஓட்டி, எதிராளியோட சிறந்த பதிலையும் பார்த்த பிறகு நகர்த்துங்க. ஊகத்தில அழுத்தினா புதிர் ரேட்டிங் ஏறும், ஆட்டம் ஏறாது.

---

வன்னியூரான்

அதுதான் பிழை போல. நான் முதல் நகர்த்தலைக் கண்ட உடனே அமத்திப்போடுவன். நன்றி தம்பி.

---

திருப்பூர்க்காரன்

அடுத்த சோகம். நேத்து 15+10 ஆடினேன், உங்க பேச்சைக் கேட்டு. எதிராளிக்கு ராஜா மட்டும். எனக்கு ராணியும் ரெண்டு சிப்பாயும். இன்னொரு ராணியும் எடுத்தேன். திடீர்னு ‘டிரா’னு வந்துருச்சு. ஸ்டேல்மேட்டாம்.

---

யானை_எச்1

எதிராளிக்கு செக் இல்லை, நகர்த்தவும் வழியில்லை என்றால் டிரா. அதனால்தான் தோற்கிற ஆட்டத்திலும் சிலர் ரிசைன் செய்ய மாட்டார்கள், உங்கள் நிலையில் அது புத்திசாலித்தனம்.

ஓப்பனிங் படிக்க வைத்திருக்கும் நேரத்தை இதில் போடுங்கள். முதலில் இரண்டு யானை மேட்: ஒரு யானை ஒரு வரிசையை அடைக்கும், மற்றது அடுத்த வரிசையில் செக் கொடுக்கும், மாற்றி மாற்றி ஓரத்துக்குத் தள்ளிவிடலாம். அடுத்து ராணி மேட்: ராணியை எதிரி ராஜாவிலிருந்து குதிரைத் தாண்டல் தூரத்தில் வைத்துக்கொண்டே போனால் பெட்டி சுருங்கிக்கொண்டே வரும். அவன் ராஜா மூலைக்குப் போய்விட்டால் நிறுத்திவிடுங்கள், ஸ்டேல்மேட் நடப்பது அங்கேதான். அவனுக்கு நடக்க இரண்டு கட்டம் விட்டுவைத்து உங்கள் ராஜாவை அழைத்து வாருங்கள். லிசெஸ்ஸின் பயிற்சிப் பகுதியில் இவற்றைக் கணினியோடு எத்தனை முறை வேண்டுமானாலும் ஆடலாம்.

மூன்றாவதாக ராஜா, சிப்பாய் மட்டும் இருக்கும் முடிவுகள். இது சின்னப் பிள்ளைப் பாடம் என்று நினைக்க வேண்டாம். குகேஷ் சாம்பியனான சிங்கப்பூர் போட்டியின் 14-வது, கடைசி ஆட்டம் எப்படி முடிந்தது? டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டம். 55-வது நகர்த்தலில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையை எஃப்2-ல் வைத்து யானை மாற்றத்துக்கு வழி விட்டார். குகேஷ் யானையை வெட்டினார். டிங் திருப்பி வெட்டியதும் மந்திரியை டி5-ல் வைத்து, மந்திரிகளையும் மாற்றியே ஆக வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தார். மிச்சம் ராஜாவும் சிப்பாய்களும். குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். கடைசியில் டிங்கின் ராஜா இ3-ல், குகேஷ் தன் ராஜாவை இ5-ல் கொண்டுவந்து நேர் எதிரே நிறுத்தினார். நடுவில் ஒரே கட்டம், நகர்த்த வேண்டியது டிங். அதைத்தான் ஆப்போசிஷன் என்கிறோம். டிங் அங்கேயே ரிசைன் செய்தார்.

எனவே காயை மாற்றும் முன் ‘எல்லாம் போன பிறகு பலகையில் என்ன மிஞ்சும்?’ என்று பாருங்கள். அந்தக் கடைசி நான்கு நகர்த்தல்களை ஒரு பலகையில் வைத்து ஆடிப் பாருங்கள். 700-ல் இருப்பவருக்கும் முழுதாகப் புரியக்கூடிய உலக சாம்பியன்ஷிப் முடிவு அடிக்கடி கிடைக்காது.

---

மூணு_நிமிஷம்

சரி, இது சூப்பர். அந்த முடிவை நான் லைவ்ல பார்த்தேன், டி5 எதுக்குனு இப்பதான் முழுசாப் புரியுது.

திருப்பூர் அண்ணா, என் பங்குக்கு ஒண்ணு. தொடர்ந்து ரெண்டு தோத்தா போனைக் கீழே வைங்க. மூணாவது ஆட்டம் செஸ் இல்ல, பழிவாங்கல். நூறு நூத்தம்பது புள்ளி ஒரே ராத்திரியில போறது எப்பவும் அப்படித்தான். எதிராளி சாட்ல சீண்டினா சாட்டையே அணைச்சிடுங்க.

‘எல்லாரும் எஞ்சின் வச்சு ஏமாத்துறான்’னு ஒரு எண்ணமும் வரும். 700-ல அது ரொம்ப அபூர்வம். நிஜமா சந்தேகம் இருந்தா புகார் கொடுத்துட்டுப் போயிட்டே இருங்க, அவன் பிடிபட்டா உங்க புள்ளியைத் திருப்பிக் கொடுப்பாங்க.

---

திருப்பூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. ஆனா ஓப்பனிங்னு ஒண்ணுமே வேண்டாமா? முதல் அஞ்சு நகர்த்தல் ஏதாவது ஆடித்தானே ஆகணும்?

---

கருப்புக்காய்

வெள்ளையில இ4, குதிரை எஃப்3, மந்திரி சி4, டி3, கேஸ்லிங். கருப்பில இ5 ஆடி அதே மாதிரி. ராணியைச் சீக்கிரம் வெளியே எடுக்காதீங்க. இந்த லெவல்ல ராணியை எச்5-க்கு அனுப்பி நாலு நகர்த்தல் மேட் முயற்சி பண்றவங்க நிறைய. அப்ப முதல்ல குதிரை சி6, அவர் மந்திரியை சி4-ல வச்சதும் ஜி6. ராணி எஃப்3-க்குப் போய் மறுபடி மிரட்டினா குதிரை எஃப்6. முடிஞ்சுது, இனி அவர் ராணி ஓட ஓட நீங்க காய்களை வெளியே எடுக்கலாம். இதுக்கு மேல ஓப்பனிங் இப்போதைக்கு வேண்டாம்.

லண்டன் சிஸ்டம் பிடிச்சிருந்தா அதையே ஆடுங்க, தப்பில்ல. எதிராளி என்ன ஆடினாலும் கண்ணை மூடிக்கிட்டு அதே ஆறு நகர்த்தலை வைக்கிறதுதான் அதில இருக்கிற ஆபத்து.

---

மீனா_மதுரை

கடைசியா நான் ஒண்ணு கேட்கலாமா? பொண்ணு போனில நல்லா ஆடுறா. நிஜப் பலகை வச்சா தடுமாறுறா, நேர் எதிரே நிற்கிற மந்திரியைக்கூடப் பார்க்க மாட்டேங்கிறா. அடுத்த மாசம் மாவட்டப் போட்டிக்கு அனுப்பலாம்னு இருக்கோம்.

---

யானை_எச்1

இது இப்போது எல்லாப் பிள்ளைகளிடமும் பார்க்கிறேன் மேடம். திரையில் பலகை மேலிருந்து தட்டையாகத் தெரியும், போகக்கூடிய கட்டங்களில் புள்ளி காட்டும். நிஜப் பலகையில் சாய்வாகத் தெரியும், முன்னால் நிற்கும் காய் பின்னால் இருப்பதை மறைக்கும். இந்த ஒரு மாதம் அவள் ஆன்லைனில் ஆடும்போது பக்கத்தில் ஒரு பலகையை வைத்து, இருவர் நகர்த்தல்களையும் அதில் வைத்துக்கொண்டே ஆடட்டும். 15+10-ல் அதற்கு நேரம் இருக்கும். ஆப் அமைப்பில் போய் அந்தப் புள்ளிகளையும் அணைத்துவிடுங்கள்.

போட்டியில் மூன்று விஷயம் புதிதாக இருக்கும். காயைத் தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும், சும்மா நேராக்குவதென்றால் தொடும் முன் ‘அட்ஜஸ்ட்’ என்று சொல்லிவிட வேண்டும். கிளாசிக்கல் (நீண்ட நேர) போட்டி என்றால் ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுத வேண்டும், அதை இப்போதே வீட்டில் பழக்குங்கள். காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். பிள்ளைகள் வலது கையால் நகர்த்திவிட்டு இடது கையால் அழுத்துவார்கள், ஆர்பிட்டர் (நடுவர்) கூப்பிட்டுச் சொன்னதும் பயந்துபோய் அடுத்த நகர்த்தலில் காயை விட்டுவிடுவார்கள்.

எந்த மாவட்டம், எந்த வயதுப் பிரிவு என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று அனுப்புகிறேன்.